படத்தின் நடுவில் நிற்பவர்

துறவு சபைகள் வெளியிடும் வெள்ளிவிழா, பொன்விழா மலர்களைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஆயரின் ஆசியுரை, சபைத் தலைவியின் வாழ்த்து, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் தாண்டினால் படங்கள் வரும். ஏதோ ஒரு மலைக் கிராமம். நடுவில் ஓர் அருட்சகோதரி. சுற்றிலும் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. படத்தின் கீழே சகோதரியின் பெயர் இருக்கும். மற்றவர்கள் ‘பழங்குடிப் பெண்கள்’. ஆண்டறிக்கை என்றால் ‘பயனாளிகள்’.

இவற்றை யாரும் இலக்கியமாக மதிப்பதில்லை. ஆனாலும் கன்னியர்களின் உழைப்பைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி இதுதான் என்பதால் இதையும் விமர்சனக் கண்ணோடு வாசித்தாக வேண்டும். என் குறை ஒன்றுதான். நீதிக்கான வேலையை இந்த எழுத்து ‘சேவை’ ஆக்கிவிடுகிறது. அப்படி ஆக்கும்போது இரண்டு பேர் காணாமல் போகிறார்கள். மலைப் பெண் ஒருத்தி. நடுவில் நிற்கிறாரே, அந்தச் சகோதரி இன்னொருத்தி.

கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை. நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகும் இங்கே ஜாகீர்தார்களின் ஆட்சிதான் நடந்தது. 1976இல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. இம்மக்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1996இல்தான் என்பது 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பதிவானது. அந்த வழக்கை நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். கொன்றது மெத்தனால். அது ஆலைச் சரக்கு; வெல்லமும் பட்டையும் ஊறப்போட்டு மலையில் காய்ச்சுவது வேறு. ஆனாலும் பேச்செல்லாம் மலையைச் சுற்றியே ஓடியது.

மலையின் மறுபக்கமான சேலம் பகுதியிலிருந்து போன ஐந்து ஆண்களின் உடல்கள் 2018 பிப்ரவரியில் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் கிடந்தன. செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். காட்டை அழிப்பவர் என்ற பெயர் ஆணுக்கு. அவன் வாங்கிப் போன முன்பணக் கடன் வீட்டில் இருப்பவளுக்கு.

இப்படிப்பட்ட மலையில் ‘சேவை’ என்றால் தையல் மெஷின், மருத்துவ முகாம், மாலை வகுப்பு. இவற்றை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. பிரசவ வலியோடு மலை இறங்கியவளிடம் கேட்டால் மருத்துவ முகாமின் அருமை தெரியும். ஆனால் நீதி என்று பேச ஆரம்பித்தால் கேள்விகள் மாறிவிடும். நிலம் யார் பெயரில் இருக்கிறது? மரவள்ளிக்கு விலை வைப்பது யார்? செம்மரத்துக்கு ஆள் பிடிக்கும் தரகன் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறான்? இதைக் கேட்ட மறுநாளே சகோதரி ‘அம்மா’ என்ற இடத்தை இழப்பார். ‘உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் அரசியல்?’ என்று ஊரும் கேட்கும், மடமும் கேட்கும்.

மடம் கேட்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி அடங்கிய புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கவென்றே 1844இல் புதுச்சேரியில் பெண்களுக்கான துறவு சபை ஒன்று தொடங்கப்பட்டது. பொம்பளைப் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அந்த வரலாற்றில் முதலில் வரும் பெயர் சபையை நிறுவிய துப்புய் என்ற பிரெஞ்சுக் குருவுடையது. முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தந்த பெண்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலைப் பெண்ணுக்கு மலரில் நேர்வது இந்தப் பெண்களுக்கு வரலாற்றில் ஏற்கெனவே நேர்ந்திருக்கிறது.

துறவிகள் ஏற்கும் வாக்குறுதிகள் மூன்று: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். கற்பு என்ற சொல்லோடு தமிழ்ப் பெண்ணியம் போட்ட சண்டை நமக்குத் தெரியும். மடத்துக்குள் அதைவிடக் கனமானது கீழ்ப்படிதல் என்றே நினைக்கிறேன். இதைத் தமிழில் அச்சமில்லாமல் எழுதியவர் பாமா. 1992இல் வந்த ‘கருக்கு’, ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்கத்தான் மடத்துக்குப் போன ஒரு தலித் பெண் அங்கே அந்த ஏழைகளிடமிருந்தே விலக்கப்பட்டு, கடைசியில் வெளியேறிய கதை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம், தலித் பிள்ளைகளுக்கு எடுபிடி வேலை என்ற கணக்கை அந்நூல் போட்டுக் காட்டியது. மலரையும் ‘கருக்கு’வையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும்படி நான் மாணவிகளிடம் சொல்வதுண்டு. ஒரு மாணவி கேட்டார்: ‘அப்போ மலர்ல இருக்கிற சிஸ்டருங்க எல்லாம் பொய்யா மேடம்?’ இல்லை. அவர்கள் உழைப்பு மெய். அதைச் சொல்லும் மொழிதான் அவர்கள் கையில் இல்லை.

உயிர் போன பிறகும் அந்த மொழி அவர்கள் கைக்கு வருவதில்லை. கேரளத்தில் பிறந்த ராணி மரியா மத்தியப் பிரதேசத்தில் வேலை செய்தவர். ஏழை விவசாயிகள் வட்டிக்காரரை விட்டு வங்கிக் கடனுக்குப் போக வழிசெய்தார். 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். 2017இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் தந்தது. இன்று அவர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வது மன்னிப்பைப் பற்றி. கொன்றவரை அவருடைய குடும்பம் மன்னித்தது, தங்கை அவர் கையில் ராக்கி கட்டினார். பெரிய மனம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2012இல் வந்த ஆவணப்படத்தின் பெயரே ‘ஒரு கொலைகாரனின் இதயம்’ என்ற பொருளில் இருக்கிறது. வட்டிக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அதில் இடம் எங்கே?

வால்சா ஜான் அவ்வளவு எளிதில் மலருக்குள் அடங்கமாட்டார். இவரும் கேரளத்தில் பிறந்த துறவிதான். ஜார்கண்டின் பாகூர் மாவட்டத்தில் மடத்தில் தங்காமல் சந்தால் மக்களின் ஊரிலேயே குடியிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதிராக அவர்களோடு போராடி, சிறைக்கும் போனார். 2006இல் மக்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. 2011 நவம்பர் 15 இரவு வீடு புகுந்து அவரைக் கொன்றார்கள். கொன்ற கும்பலில் உள்ளூர்க்காரர்களும் இருந்ததாக விசாரணை சொன்னது. ஒப்பந்தத்தோடு வந்த பணம் ஊரைப் பிளந்திருந்தது. இதில் தூய தியாகியும் இல்லை, நன்றியுள்ள பயனாளியும் இல்லை. சுரங்கம் ஓர் ஊருக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பது இருக்கிறது. கல்வராயனில் உழைக்கப் போகும் எந்தச் சகோதரிக்கும் ராணி மரியாவின் பட்டத்தைவிட வால்சாவின் இந்தச் சிக்கல்தான் அதிகம் கற்றுத்தரும்.

சுற்றுச்சூழல் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ மடல் பூமியைச் சகோதரி என்றும் தாய் என்றும் அழைக்கிறது. கன்னியர் மடங்களில் மரக்கன்றுகளும் சூரியத் தகடுகளும் அதன் பிறகு பெருகின. நல்லதுதான். ஆனால் அந்த மடலின் ஆறு இயல்களில் பெண்களுக்கென்று ஓர் இயல் இல்லை. பூமியைப் பெண்ணாக்கிவிட்டால் பெண்ணைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை போலிருக்கிறது. பிரேசில் நாட்டுத் துறவி இவோன் கெபாரா பல ஆண்டுகள் முன்பே இதை வேறு முனையிலிருந்து தொடங்கினார். ஏழைக் குடியிருப்புப் பெண்களின் குடிநீர், குப்பை, பிள்ளைகளின் நோய் இவற்றிலிருந்தே இறையியலைப் பேசினார். அவர் கருக்கலைப்பு பற்றியும் பேசினார். 1995இல் வத்திக்கான் அவரை இரண்டு ஆண்டுகள் வாய்மூடி ஐரோப்பாவில் படிக்கச் சொன்னது. கீழ்ப்படிதலின் கனம் என்று மேலே சொன்னேனே, இதுதான் அது.

2006இன் வன உரிமைச் சட்டத்தில் ‘பயனாளி’ என்ற பேச்சுக்கு இடமில்லை. மணமான குடும்பம் என்றால் பட்டாவில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் வேண்டும். தமிழ்நாட்டில் 2008இல் விழுந்த நீதிமன்ற முட்டுக்கட்டை 2016இல்தான் விலகியது. இதற்காகப் பெண்களோடு உட்கார்வது தையல் வகுப்பு நடத்துவதுபோல் அல்ல. கிராமசபைத் தீர்மானம், நில அளவை, கோட்டக் குழு, மாவட்டக் குழு என்று கோப்பு ஆண்டுக்கணக்கில் நகரும். துறவிகளுக்கோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும். சகோதரி பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை இறங்கும்போது அந்தக் கோப்பு ஊர்ப் பெண்களின் கையில் இருக்கிறதா, மடத்து அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா? நான் பார்த்த எந்த மலரிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.