மாட்டு மீத்தேனும் 18 சதவீதக் கணக்கும்

மனிதரால் விளையும் பசுமைஇல்ல வாயுக்களில் 18 சதவீதம் கால்நடை வளர்ப்பினால் உண்டாகிறது. இது போக்குவரத்தின் பங்கைவிட அதிகம். ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கால்நடைகளின் நீண்ட நிழல்' என்ற அறிக்கை இவ்வாறு கூறிற்று. அறிக்கையைப் படியாதவரும் இந்த ஒப்பீட்டை இன்றும் எடுத்துச் சொல்கின்றனர். அது எவ்வளவு சரியானது?

அறிக்கையின் உயிரியல் அடிப்படையில் குறையில்லை. பசுவின் முதல் இரைப்பையில் பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை ஆகியவை வைக்கோலிலுள்ள செல்லுலோசைச் சிதைத்து, பசுவுக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களை ஆக்குகின்றன. கூடவே ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் தோன்றுகின்றன. ஹைட்ரஜன் தேங்கினால் நொதித்தல் தடைப்படும். ஆர்க்கியா என்ற வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் இவ்விரு வாயுக்களையும் இணைத்து மீத்தேனாக்கி விடுகின்றன. மாடு அதனைப் பெரும்பாலும் ஏப்பமாக வெளியேற்றுகிறது. தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இவ்வாறு வீணாகிறது. எனவே இது காற்றுமண்டலத்துக்கு மட்டுமன்றி உழவருக்கும் இழப்பே. இதனை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது அறிக்கையின் சிறப்பு.

குறை ஒப்பீட்டில் உள்ளது. கால்நடைக்கு ஏப்பத்தோடு தீவனச் சாகுபடி, உரம், காடழிப்பு அனைத்தையும் கூட்டினார்கள். போக்குவரத்துக்கோ வண்டிகள் எரிக்கும் எரிபொருளை மட்டுமே கொண்டார்கள். வண்டியைச் செய்வதும் சாலை போடுவதும் கணக்கில் வரவில்லை. எங்கள் ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக்கு நூல், சாயம், ஜரிகை, நெசவுக்கூலி எல்லாவற்றையும் கூட்டி, மற்றொன்றுக்கு நெசவுக்கூலியை மட்டும் சொல்லி, "முதல் புடவைதான் விலை அதிகம்" என்றால் நெசவாளர் ஒப்புவாரா? அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் மிட்லோனர் இக்குறையை எடுத்துக்காட்டினார். அறிக்கையை எழுதியோரில் ஒருவரான பியர் கெர்பர் 2010-இல் அதனை ஒப்புக்கொண்டார். அதே நிறுவனம் 2013-இல் 14.5 சதவீதம் என்றும், 2023-இல் சுமார் 12 சதவீதம் என்றும் மதிப்பிட்டது. மாடுகள் குறைந்ததால் வந்த மாற்றமன்று இது. கணக்கிடும் முறையும் தரவுகளும் மாறின.

மற்றொன்றும் உண்டு. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கி வளர்க்கும் மாடும், நெல் அறுவடையில் மிஞ்சும் வைக்கோலைத் தின்னும் மாடும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. நார் மிகுந்த வைக்கோல் எளிதில் செரிப்பதில்லை, பாலும் குறைவு. ஆகவே லிட்டருக்கு மீத்தேன் கூடுதலாகவே வரும். ஆனால் மனிதர் உண்ண முடியாத பொருளைப் பாலாக்கும் மாடு அது. அதற்கு வேண்டுவது பழியன்று. வைக்கோலோடு அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தீவனமும் பிண்ணாக்கும். பால் கூடினால், லிட்டருக்கான மீத்தேன் குறையும். இத்தகைய தீவன மாற்றங்களை அறிக்கையும் பேசுகிறது. பரவியதோ அந்த ஒப்பீடு மட்டுமே.

ஒன்றுக்கொன்று ஒப்பிட்ட சதவீதங்களைக் காணும் மாணவர்கள், இரு பக்கமும் எவற்றைக் கூட்டினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஒரே அளவுகோலால் அளக்காத இரண்டில் எது பெரிது என்று சொல்ல இயலாது.