தில்லியில் பெருநாள்: முந்தின மாலையே போய்விடுங்கள்

தில்லியில் நோன்புப் பெருநாளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் பெருநாள் காலையில்தான் ஜாமா மசூதிப் பக்கம் வருகிறார்கள். தொழுகைக் கூட்டத்தைப் படம் எடுக்கிறார்கள். மட்டியா மஹால் தெருவில் கபாப் சாப்பிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் மெட்ரோ பிடித்துவிடுகிறார்கள். பெருநாளில் பாதியைக்கூட அவர்கள் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

பெருநாள் தொடங்குவதே முந்தின மாலை, பிறையோடு. ரமலான் மாதத்துக்கு 29 நாளும் இருக்கலாம், 30 நாளும் இருக்கலாம். 29-ஆம் நோன்பு திறக்கும் வேளையில் மேற்கே பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். இல்லையென்றால் இன்னொரு நோன்பு. அதனால் அரசு விடுமுறைப் பட்டியலில் அச்சாகும் தேதியும் உத்தேசம்தான். தேதி மாறினால், தில்லி காவல்துறையின் சிறப்புப் பிரிவிடம் நிலவரம் கேட்டறிந்த பிறகே இங்குள்ள மத்திய அரசு அலுவலகங்களுக்கு அறிவிப்பு வரும் என்று அந்தப் பட்டியலோடு வரும் சுற்றறிக்கையே சொல்கிறது. நிலா வந்ததா என்று போலீசைக் கேட்கும் அரசாங்கம்! 2024-இல் கேரளம் ஏப்ரல் 10-ஆம் தேதி கொண்டாடியது, தில்லி 11-ஆம் தேதி. தமிழ்நாட்டில் தலைமைக் காஜியின் அறிவிப்புக்குக் காத்திருப்பது போல இங்கே பிறைக் குழுக்களும் ஜாமா மசூதி இமாமும் என்ன சொல்லப்போகிறார்கள் என்று பழைய தில்லி முழுக்கக் காத்திருக்கும். நீங்கள் முதலில் ரசிக்க வேண்டியது இந்தக் காத்திருப்பைத்தான்.

செய்தி உறுதியானதும் தெருவின் போக்கே மாறிவிடும். அந்த இரவுக்குச் சாந்த் ராத் என்று பெயர். மட்டியா மஹாலில் தொடங்கிச் சித்லி கபர் வரை மெதுவாக நடந்து போங்கள். அவசரப்பட்டாலும் கூட்டம் விடாது. தையற்காரர் கடையில் கடைசி குர்தாவுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார்கள். வாங்க வந்தவர் நின்றபடியே நச்சரித்துக்கொண்டிருப்பார். பெண்கள் வளையல் கடையிலும் மருதாணி போடுகிறவர்களிடமும் மொய்ப்பார்கள். கடை வாசல்களில் பேனி குவிந்திருக்கும். நூற்கண்டு போலச் சுற்றி நெய்யில் பொரித்த மெல்லிய சேமியா அது. சூடான பாலை ஊற்றினால் போதும், இளகிவிடும். பக்கத்திலேயே கஜ்லா என்ற உப்பிய பலகாரம் தட்டுத் தட்டாக.

இரவு நீளுமுன் தரீபா கலான் தெருவுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். 1816 முதல் அத்தர் விற்கும் குலாப் சிங் ஜோஹ்ரிமல் கடை அங்கே இருக்கிறது. குளித்து, இருப்பதில் நல்ல உடை உடுத்தி, மணம் பூசிக்கொண்டு தொழப் போவது நபிவழி. ஆகவே அத்தர் பெருநாளுக்குக் கட்டாயச் செலவு. புறங்கையில் ஒரு துளி தடவிக்கொண்டு சற்றுப் பொறுங்கள். தடவியதும் வரும் வாசனை வேறு, கால் மணி நேரம் கழித்து வருவது வேறு. இரண்டாவதை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

காலைத் தொழுகைக்கு வருவோம். ஷாஜகான் 1656-இல் கட்டி முடித்த ஜாமா மசூதியின் முற்றத்தில் சுமார் 25,000 பேர் தொழலாம். பெருநாளன்று அதுவும் போதாது, வரிசைகள் படிகளில் இறங்கிவிடும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்த மசூதியைப் பறித்துக்கொண்டு 1862-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளின் பெருநாள்களில் இந்த முற்றத்தில் தொழுகை கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் நெரிசல்கூடத் தொல்லையாகத் தெரியாது.

முஸ்லிம் அல்லாதவர்கள் தொழுகை நேரத்தில் உள்ளே போக முடியாது. வெளியே, மக்கள் வரும் வழியை மறிக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். பெருநாள் தொழுகைக்குப் பாங்கு என்ற அழைப்பு கிடையாது, இரண்டே ரக்அத், அதாவது இரண்டே சுற்று. தில்லியில் பெரும்பாலோர் ஹனஃபி வழியினர். ‘அல்லாஹு அக்பர்’ என்னும் தக்பீரை வழக்கத்தைவிட ஆறு முறை கூடுதலாகச் சொல்வார்கள். ஷாஃபி வழியில் பழகிய காயல்பட்டினத்துக்காரருக்கு அது பன்னிரண்டு. இங்கே இரண்டாம் ரக்அத்தில் ஓதி முடித்தபின் கூடுதல் தக்பீர்கள் வரும். ஆண்டுக்கு இரண்டே முறை வரும் தொழுகை என்பதால் சிலர் மறந்து குனியப் போய்ச் சட்டென்று நிமிர்வார்கள். வெள்ளிக்கிழமை போலல்லாமல் குத்பா என்ற உரை தொழுகைக்குப் பின்னால்தான். அது முடிந்ததும் தோள் மாற்றி மூன்று முறை தழுவிக்கொள்வார்கள். உங்களையும் தழுவினால் கூச்சப்படாதீர்கள், ‘ஈத் முபாரக்’ சொல்லுங்கள்.

படிகளில் கையேந்தி நிற்பவர்களையும் கவனியுங்கள். ஃபித்ரா என்ற ஈகையைத் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பெருநாளன்று யாரும் பட்டினி கிடக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தமிழில் இந்த நாளுக்கு ஈகைத் திருநாள் என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

நண்பகலில் தெரு அடங்கிவிடும். அவ்வளவுதானா என்று ஏமாந்துவிடாதீர்கள். பெருநாள் வீட்டுக்குள் போயிருக்கிறது. தெரிந்தவர்கள் யாராவது அழைத்திருந்தால் அவசியம் போங்கள். அழைக்காத வீட்டை எட்டிப் பார்க்காதீர்கள். ஷீர் குர்மா வரும். நெய்யில் வறுத்த சேமியா, சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பேரீச்சம்பழம், சாரைப்பருப்பு. முதல் கரண்டியில் பாலின் இனிப்புதான் தெரியும். பேரீச்சை கொஞ்சம் கழித்துத்தான் நாக்கில் நிற்கும். அடுத்த வீட்டிலும் இதே கிண்ணம் காத்திருக்கும் என்பதால் ஒரே வீட்டில் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம். சட்டைப்பையில் புது நோட்டு கொஞ்சம் இருக்கட்டும். பிள்ளைகள் சலாம் சொல்லி ஈதி என்ற பெருநாள் காசுக்காக நிற்பார்கள். எல்லாப் பெரியவர்களிடமும் வாங்கிய காசை மூலையில் உட்கார்ந்து எண்ணி, அண்ணனுடையதோடு ஒப்பிட்டுச் சண்டை போடும் பிள்ளையைப் பார்த்தால் பெருநாளைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறை ரயில்வே கால அட்டவணை பார்த்து வருவதில்லை. பட்டியலில் உள்ள தேதிக்கு இரண்டு நாள் முன்பே தில்லி சேரும்படியும், இரண்டு நாள் கழித்துத் திரும்பும்படியும் டிக்கெட் எடுங்கள். வந்து சேர்ந்தபின் வழி எளிது, வயலட் தடத்தில் ஜாமா மசூதி என்றே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. இத்தனை நாள் விடுப்பு கிடைக்காதென்றால் பக்ரீதுக்கு வாருங்கள். அது துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள் வருவதால் தேதி பத்து நாள் முன்பே தெரிந்துவிடும்.