வெள்ளாற்றங்கரையில் உயிரியல் படிப்பு

கடலுயிர்களைப் பற்றிச் சொல்லித்தரும் துறை கடலோரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அதைச் செய்து காட்டிய இந்தியப் பல்கலைக்கழகங்கள் மிகச் சில. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்று. 1929இல் தொடங்கிய அதன் தலைமை வளாகம் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இருக்கிறது. கடல் உயிரியல் உயராய்வு மையமோ பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா முன்னின்று வளர்த்த இந்த நிலையத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 1960களில் உயராய்வு மையம் என்ற தகுதியை வழங்கியது. ஆற்றின் கழிமுகத்தையே வகுப்பறையாக்கிய இந்த முறை எதைச் சாதித்தது, எங்கே குறைபட்டது என்று பார்ப்பது இந்த ஒரு துறைக்கு மட்டுமல்லாமல் தமிழகத்தின் மற்ற உயிரியல் துறைகளுக்கும் பயன்படும்.

முதலில் கற்பித்தல். கடல்நீரின் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு என்று எந்த ஊர் மாணவரும் பாடநூலில் படித்துவிடலாம். வெள்ளாற்றில் படிப்பவருக்கு அந்த எண் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோடையில் முகத்துவாரத்து நீர் கடல்நீர் போலவே கரிக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் இறங்கும்போது அதே இடத்தில் உப்பு மளமளவென்று குறைந்துவிடும். அதனுடன் மிதவையுயிர்களின் கூட்டமே மாறிப்போகும். காலையில் ஓதம் ஏறும்போது எடுத்த நீரும் மாலையில் வடியும்போது எடுத்த நீரும் ஒன்றல்ல என்பதை மாணவர் தம் கையிலிருக்கும் புட்டிகளிலேயே காண்கிறார். ஓர் உயிரி எந்த அளவு உப்பைத் தாங்கும், எப்போது இடம்பெயரும், எப்போது முட்டையிடும் என்ற கேள்விகள் இங்கே தாமாகவே எழுகின்றன. ஃபார்மலின் ஜாடிகளுக்கு நடுவே நடக்கும் செய்முறை வகுப்பு இந்தக் கேள்விகளை எழுப்பாது.

சற்றுத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் வளரும் இந்தக் காட்டால்தான் பரங்கிப்பேட்டை ஆய்வுகள் உலக அளவில் அறியப்பட்டன. பேராசிரியர் க. கதிரேசன் அமெரிக்க ஆய்வாளர் பிங்ஹாமுடன் இணைந்து 2001இல் வெளியிட்ட அலையாத்தி உயிரியல் தொகுப்புரையை இத்துறையில் வேலை செய்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பிச்சாவரத்தில் மற்ற சுரபுன்னைகளிலிருந்து சற்றே வேறுபட்டு நின்ற மரங்களைத் தனியாக அடையாளம் கண்டு, அவற்றுக்கு ரைசோபோரா அண்ணாமலயானா என்று பெயரிட்டவரும் அவரே. இரண்டு சுரபுன்னை இனங்களின் கலப்பில் அது பிறந்தது என்பதைச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனத்தார் மரபணு ஒப்பீட்டால் காட்டினார்கள். இலையையும் பூவையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் முதலில் சந்தேகப்பட்டது. ஆய்வகம் பிறகு விடை சொன்னது. முதல் வேலை நடக்காமல் இரண்டாவது நடந்திருக்க வழியில்லை. வகைப்பாட்டியலைப் பழைய படிப்பு என்று ஒதுக்கிவிட்டு மூலக்கூறு உயிரியலுக்கு மட்டும் இடமும் பணமும் தரும் துறைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மையத்தின் வலிமையும் பலவீனமும் ஒரே நிகழ்வில் வெளிப்பட்டது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். கதிரேசனும் இராஜேந்திரனும் அப்பகுதியின் 18 கடலோரக் குப்பங்களில் உயிரிழப்பையும் பொருளிழப்பையும் கணக்கெடுத்து, அலையாத்தி போன்ற தாவரங்கள் சேதத்தைக் குறைத்தன என்று 2005இல் எழுதினார்கள். நிலையம் அங்கேயே இருந்ததால் அவர்களால் விரைவாகக் களத்தில் இறங்க முடிந்தது. வெளியூர்க் குழுவுக்கு எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது.

மறு ஆண்டே கெர், பெயர்டு, கேம்ப்பெல் ஆகிய மூவர் அதே எண்களை எடுத்து மீண்டும் கணக்குப் போட்டார்கள். கடலிலிருந்து தூரமாகவும் மேட்டிலும் இருந்த ஊர்களுக்கு முன்னால்தான் தாவரப் பரப்பும் அதிகமாக இருந்தது. தூரத்தையும் உயரத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டால் மரங்களின் பங்கு என்று மிஞ்சுவது சொற்பமே என்பது அவர்கள் வாதம். வேறொரு குழு கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து, மரங்கள் காத்தன என்று 2005இல் சயின்ஸ் இதழில் எழுதியிருந்ததால் விவாதம் எளிதில் ஓயவில்லை. அலையாத்தி காக்குமா காக்காதா என்ற தீர்ப்பை இங்கே வழங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். களத்தை இவ்வளவு நெருக்கமாக அறிந்த ஒரு துறையின் முடிவைத் தொலைவில் இருந்தவர்கள் புள்ளியியலைக் கொண்டே அசைக்க முடிந்தது. நம் உயிரியல் பட்டப்படிப்புகளில் புள்ளியியல் ஒரு தாள் மட்டுமே. ஆய்வேடு எழுதும்போது சராசரிக்கும் திட்டவிலக்கத்துக்கும் அப்பால் போகாதவர்கள் ஏராளம். ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் காரணங்களைப் பிரித்தறியும் பயிற்சியைப் படகும் வலையும் தந்துவிடாது.

இரண்டாவது குறை காலம் பற்றியது. இது இன்னும் ஆழமானது. பரங்கிப்பேட்டை ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு ஒரு சட்டகம் பழகியிருக்கும்: ஜனவரி முதல் மூன்று மாதம் மழைக்குப் பிந்திய பருவம், ஏப்ரலிலிருந்து கோடை, ஜூலையிலிருந்து மழைக்கு முந்திய பருவம், அக்டோபரிலிருந்து மழைக்காலம். மாதம் ஒருமுறை மாதிரி எடுத்து, ஓராண்டோ ஈராண்டோ முடிந்ததும் ஆய்வேடு. அடுத்த மாணவர் வேறு இடம், வேறு உயிரி, சில வேளை வேறு அளவீட்டு முறை. ஒவ்வொரு ஆய்வேடும் தன்னளவில் பயனுள்ளதுதான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே கழிமுகத்தைப் பார்த்துவரும் நிலையத்திடம், ஒரே முறையில் இடைவிடாமல் அளந்த நீண்ட தொடர்ப்பதிவு அல்லவா முதன்மைச் சொத்தாக இருக்க வேண்டும்? இங்கிலாந்தில் ஆலிஸ்டர் ஹார்டி 1931இல் தொடங்கிவைத்த மிதவையுயிர்ப் பதிவு இன்றும் நடக்கிறது. வட அட்லாண்டிக் கடலில் மிதவையுயிர்கள் வடக்கு நோக்கி நகர்வதை உலகம் அறிந்தது அந்தத் தொடர்ச்சியால்தான். அங்கே பயன்படுத்திய கருவி மிக எளியது. அதை விடாமல் இழுத்துச் செல்லும் ஏற்பாடுதான் அரிது. நம்மிடம் கருவிக்குப் பஞ்சமில்லை, ஏற்பாடு இல்லை.

ஏற்பாடு இல்லாமல் போனதற்கு மாணவரையோ வழிகாட்டியையோ மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்று மானியக் குழு 2009இல் விதித்தது. ஆசிரியர்களின் பதவி உயர்வும் கட்டுரை எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டது. விரைவில் கட்டுரையாகும் வேலை எதுவோ அது பெருகியது. கடற்பஞ்சோ அலையாத்தி இலையோ எடுத்து, சாறு இறக்கி, பாக்டீரியா வளர்ந்த தட்டில் வைத்து, சுற்றிலும் தெளிந்த வளையத்தின் விட்டத்தை அளந்து எழுதும் கட்டுரைகள் நாடெங்கும் குவிந்தன. எந்தச் சேர்மம் வேலை செய்தது, அது மனித உயிரணுவுக்கு நஞ்சா என்ற அடுத்த கேள்விகளுக்குப் பெரும்பாலானவை போகவில்லை. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது நல்ல திருத்தம். ஆனால் பழக்கம் விதியோடு சேர்ந்து மறைந்துவிடாது.

பணமும் ஒரு காரணம். நிதி நெருக்கடியால் 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகையான பணியாளர்கள் பிற அரசு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்தாண்டுப் பதிவு நடக்கப் பத்தாண்டு நிலைத்திருக்கும் ஆட்கள் வேண்டும். மூன்றாண்டுத் திட்ட நிதியில் சேர்ந்து விலகும் உதவியாளரால் அது ஆகாது.

ஆயினும் தொடர்ச்சி இங்கே கைகூடியதற்கும் சான்று உண்டு. வெள்ளாற்றங்கரையில் 1990களில் பல்கலைக்கழகத்தார் நட்ட அலையாத்திக் கன்றுகள் வளர்ந்து காடாயின. நட்ட காட்டில் நண்டும் மீனும் எப்படிக் குடியேறுகின்றன, சேற்றில் கரிமம் எவ்வளவு சேர்கிறது என்பதை அடுத்தடுத்த மாணவர்களால் ஆராய முடிந்தது. முன்னவர் விட்ட இடத்தில் பின்னவர் தொடங்கும் வேலை இப்படித்தான் இருக்கும். பிச்சாவரத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களும், மடவையும் கொடுவாவும் எந்தக் காற்றில் உள்ளே வரும் என்று அறிந்த மீனவர்களும் இந்தத் தொடர்ச்சியின் பங்காளிகளாக வேண்டியவர்கள். ஆங்கிலத்தில் எழுதி அடுக்கப்படும் ஆய்வேடுகள் அவர்களிடம் திரும்பிப் போவதில்லை.

முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் குறித்த சில இடங்களில், குறித்த முறையில், மாதந்தோறும் வெப்பம், உப்பு, உயிர்வளி, மிதவையுயிர் ஆகியவற்றை அளந்து பொதுப் பதிவேட்டில் சேர்ப்பதைப் பாடத்திட்டத்திலேயே வைக்கலாம். செலவு அதிகமில்லை, செய்முறை மதிப்பெண்ணும் அதற்கே தரலாம். பழைய ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளில் கிடக்கும் அட்டவணைகளையும் கணினியில் ஏற்றி, எவை ஒப்பிடத்தக்க முறையில் அளந்தவை என்று பிரித்துவிட்டால், அந்தப் பதிவேடு வெறும் பக்கங்களோடு தொடங்க வேண்டியிராது.