தெரிந்த பதில்

கிருபானந்த வாரியார் (1906–1993) பிரசங்கத்துக்கு நடுவே முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்பார். குழந்தை சரியாகச் சொன்னதும் பெரியவர்களுக்குப் பூரிப்பு. எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்வி. (நம் சிறுபத்திரிகைக் கட்டுரைகளிலும் பாதிக் கேள்விகள் இந்த ரகம்.) அவர் யாரையும் புதிதாக நம்பவைக்கவில்லை; நம்பியதை ஞாபகப்படுத்தினார். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கிய ஆறுமுக நாவலருக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. எதிர்த்தரப்பில் மிஷனரிகள். பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர், பாதிரிமாரின் பிரசங்க முறையைக் கொண்டே அவர்களுக்குப் பதில் சொன்னார். தர்க்கம் தேவைப்பட்டது; அவருடைய வசனம் இறுகியதற்கு அதுவும் காரணம். திண்டுக்கல்லில் வாரியார் வழிப் பிரசங்கங்களைக் கேட்டு நானும் உருகியிருக்கிறேன். மறுநாள் பாங்க் கவுண்டரில் யோசித்தால் வாதம் எதுவும் ஞாபகமில்லை. அந்தக் குரல் மட்டும் இருக்கிறது.