ஏன் அப்போதே சொல்லவில்லை?

முகநூல் சண்டைகளையும் கவிதை படிக்கிற கண்ணோடு படிப்பது என் கெட்ட வழக்கம். பெண்கள்மீதான வன்முறை பற்றிய விவாதங்களில் எதிர்த்தரப்பு விடாமல் கையாளும் உத்தி ஒன்றுதான்: கேள்வி. வசைகூட அப்புறம்தான். 2018 அக்டோபரில் சின்மயி வைரமுத்துமீது ட்விட்டரில் பாலியல் புகார் சொன்னபோது (அவர் மறுத்தார்), 'இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?' என்றார்கள். நம் வட்டத்திலும் சிலர் கேட்டார்கள். யாருக்கும் பதில் தேவைப்படவில்லை. அடுத்த மாதமே டப்பிங் சங்கம், சந்தா கட்டவில்லை என்று சின்மயியை நீக்கியது.

உடனே சொன்னவர்கள் கதை என்ன? கல்வராயனுக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்த ஊர். பலாத்காரத்துக்கு ஆளான 18 பெண்கள் அந்த வருஷமே சொன்னார்கள். கல்வராயனில் இருக்கும் அதே மலையாளிப் பழங்குடிகள். சந்தனக்கட்டைத் திருடர்கள் என்பதுதான் கிடைத்த பதில். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொல்ல 2011 ஆயிற்று. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023. 'ஏன் அப்போதே' என்பது கேள்விக்குறி போட்ட தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த உத்தியின் முழு உருவத்தைக் கனியாமூரில் பார்த்தேன். 2022 ஜூலை 13ல் பள்ளி வளாகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி இறந்துகிடந்தாள். (சாவு எப்படி நேர்ந்தது என்பது நீதிமன்றத்தின் விஷயம். நான் பேசுவது மொழியை.) பதில் சொல்ல அவள் இல்லை, கேள்வி தாய்மீது திரும்பியது. வெள்ளிமலை டீக்கடையில் யாரோ ஒருவருடைய செல்போனில், அந்த அம்மாள் அழுத அழுகை போதுமா என்று யூடியூப்காரர் ஒருவர் அளந்துகொண்டிருந்தார்.

நம் பக்கமும் சுத்தமில்லை. பெண்ணியத் தோழிகள் எழுதாவிட்டால் அந்தச் சாவு உள்ளூர்ச் செய்தியோடு போயிருக்கும். ஆனால் அவள் பெயர் ஹேஷ்டாக் ஆனபின் யார்யாரோ அதை எடுத்துக்கொண்டார்கள். 17ம் தேதி, வாட்ஸ்அப் அழைப்பில் திரண்ட கூட்டம் பள்ளிப் பேருந்துகளைக் கொளுத்தியது. அப்புறம் எதிர்த்தரப்புக்கு வேலை சுலபம். பேருந்துகளைப் பற்றிப் பேசினால் போதும்.

அந்த வாரம் நானும் பதினோரு வரி எழுதினேன், அவள் பெயரை விளித்து. நண்பர்கள் படிமங்களைப் பாராட்டினார்கள். கள்ளக்குறிச்சிப் பெண் ஒருத்தி மட்டும் கீழே கேட்டிருந்தாள்: 'அவங்க அம்மா இதைப் படிச்சா என்ன சார் ஆகும்?'

கவிதையை எடுத்துவிட்டேன். அவளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.