செஞ்சிச் சாலைகளுக்கு எந்த ஹைப்ரிட் சைக்கிள்?

செஞ்சியில் சைக்கிள் ஓட்டுகிறவர் ஒரே காலையில் மூன்று விதச் சாலைகளைப் பார்த்துவிடுவார். ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற இரண்டு கோட்டை மலைகளுக்கு நடுவே கோட்டைப் பகுதியை ஊடுருவிப் போகும் திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை நல்ல தார்; ஆனால் பாண்டிச்சேரி, திருவண்ணாமலை பஸ்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வரும். அதிலிருந்து விலகிச் சிறுகடம்பூர் வழியாகச் சிங்கவரம் பக்கம் திரும்பினால் கிராமத்துச் சாலை. மழைக்காலம் முடிந்ததும் அதன் ஓரம் கரைந்து ஜல்லி தலைகாட்டும். மூன்றாவது, ஏரிக்கரையையும் வரப்பையும் ஒட்டிப் போகும் மண்பாதை. வேலைக்குப் போய்வர ஒரு வண்டி, ஞாயிற்றுக்கிழமை சுற்றிவர இன்னொரு வண்டி என்று வாங்க நம்மில் பலரால் முடியாது. இந்த மூன்று சாலைக்கும் ஒரே வண்டி என்று கேட்பவருக்குத்தான் ஹைப்ரிட்.

ரோடு பைக்கின் பெரிய சக்கரம், மலைச் சைக்கிளான எம்.டி.பி.யின் நேரான ஹேண்டில் பார், இரண்டுக்கும் இடைப்பட்ட டயர்: ஹைப்ரிட் என்பது இவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயரில் கடைக்கு வருகிற வண்டிகள் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபடுகின்றன. நான் தினமும் ஓட்டுவது அலுமினிய ஃப்ரேமும் சஸ்பென்ஷன் இல்லாத ஸ்டீல் ஃபோர்க்கும் உள்ள வண்டி. 700×38 டயர், முன்னால் 38 பல்லுள்ள ஒரே சக்கரம், பின்னால் 11 பல்லிலிருந்து 34 பல் வரை எட்டு கியர், வி-பிரேக். எடை 14 கிலோவை ஒட்டி வரும். ஒப்பிட்டுப் பார்க்க, என் மைத்துனர் வைத்திருக்கும் இன்னொரு ஹைப்ரிட்டையும் அதே சாலைகளில் ஓட்டினேன். அது முன்னால் சஸ்பென்ஷன், மூன்றுக்கு ஏழு என்று 21 கியர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ளது. இரண்டுமே எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஆகட்டும், டெகாத்லானின் ரிவர்சைடு ஆகட்டும், நம் தாத்தாக்கள் ஓட்டிய ஹெர்குலஸைச் செய்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் மாண்ட்ரா ஆகட்டும், ஸ்டிக்கரைப் பார்ப்பதைவிட பாகங்களைப் பார்த்து வாங்குவதே சரி என்பது என் கட்சி.

முதலில் சஸ்பென்ஷன். கடையில் அதுதான் கண்ணைப் பறிக்கும். விற்பவரும் ஃபோர்க்கை அமுக்கிக் காட்டுவார். குறைந்த விலை ஹைப்ரிட்களில் வருகிற சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்குள் இருப்பது பெரும்பாலும் வெறும் சுருள் கம்பிதான். அமுங்கியது மெல்லத் திரும்ப எண்ணெய்த் தடுப்பு எதுவும் கிடையாது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மைத்துனரின் வண்டி இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஜல்லி பெயர்ந்த சாலையில் அடுத்தடுத்து வரும் சின்னச் சின்ன அதிர்வை அது வாங்கவில்லை. அதிர்வு அப்படியே மணிக்கட்டுக்கு வந்தது. சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் மிதியில் பாதியை ஃபோர்க் தின்கிறது. சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கனமும் கூடுகிறது. இரண்டு வருடம் செஞ்சிப் புழுதியைக் குடித்த பிறகு இறுகிப்போய், சஸ்பென்ஷன் இருந்தும் இல்லாத கதையாகிவிடும்.

அதிர்வைத் தாங்க வேண்டியது டயர். 700×28 டயர் நெடுஞ்சாலையில் பறக்கும். ஆனால் கிராமத்துச் சாலையில் ஜல்லி விளிம்பில் இடித்து டியூபை இரண்டு பல் பட்டதுபோல் கடித்துவிடும். 35-க்குக் கீழே போகவே வேண்டாம். 38 நல்லது. ஃப்ரேமில் இடம் இருந்தால் 40, 42 இன்னும் நல்லது. அதைவிட முக்கியம் காற்று. டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவுவரை அடித்துக் கல்லாக்கி ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம். 65, 70 கிலோ எடையுள்ளவர் 38 டயரில் பின்னால் 55, முன்னால் 45 பி.எஸ்.ஐ. வைத்துப் பார்க்கட்டும், வண்டியே மாறிவிட்டதுபோல் இருக்கும். சிங்கவரம் சாலையில் இந்த அளவு காற்றோடு ஓட்டியபோது, சஸ்பென்ஷன் இல்லாத என் வண்டிதான் மைத்துனரின் வண்டியைவிட மெத்தென்று போனது.

முள் இன்னொரு சங்கதி. வேலிக்கு வெட்டிப்போடும் சீமைக்கருவேல முள் சாலைக்கு வரும். மண்பாதையில் நெருஞ்சி காத்திருக்கும். ஆகவே உள்ளே தடுப்புப் பட்டை உள்ள டயர் வாங்குவது செலவல்ல. டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றலாம் என்றால் வால்வின் உள்மூக்கைக் கழற்ற முடிய வேண்டும். வால்வு என்றதும் செஞ்சிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மோட்டார் சைக்கிளில் இருக்கும் மாதிரி தடித்த வால்வா, இல்லை ரோடு பைக்கில் வரும் ஒல்லியான பிரஸ்டா வால்வா? நண்பர் ஒருவரின் பிரஸ்டா வால்வைப் பஞ்சர் கடைக்காரர் விரலால் திருகிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சார், இதுக்கு நம்ம பம்புல காத்து ஏறாது. மூக்கு எதனா இருந்தா குடுங்க, மாட்டி அடிச்சுத் தரேன்.”

அந்தப் பித்தளை மூக்கு சின்ன விலைதான். வழியில் அது கையில் இல்லாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்க்கிலேயே காற்றுப் பிடித்துக்கொள்ளலாம். தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு நான் அதைத்தான் கேட்டு வாங்குவேன்.

அடுத்தது கியர். 21 கியர், 24 கியர் என்ற எண்ணிக்கையைக் கேட்டு மயங்க வேண்டாம். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள அமைப்பில் பல கியர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள நாட்டு சைக்கிள் ஒரு முழு மிதிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். என் வண்டி கடைசிக் கியரில் ஒரு மிதிக்கு ஏறக்குறைய 7.5 மீட்டர் ஓடும். முதல் கியரில் 2.4 மீட்டர்தான். முதுகில் சாப்பாட்டுப் பையோடு மேடேறும்போது கால் சிணுங்காமல் சுற்றுவதற்கு அந்த 2.4 மீட்டர்தான் காரணம். மைத்துனரின் வண்டியில் முன்னால் சின்ன சக்கரம் 28 பல், பின்னால் பெரியது 28 பல். ஒரு மிதிக்கு 2.2 மீட்டர். செங்குத்தான மேட்டில் அது கொஞ்சம் லேசு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செஞ்சியைச் சுற்றி மலைகள் நிறைய இருந்தாலும் சாலைகள் அவற்றின் காலடியில்தான் போகின்றன. முன்பக்க கியர் மாற்றி செயினை நழுவவிடும் தொல்லையோடு பார்த்தால் ஒற்றைச் சக்கரமே எனக்கு மேல்.

நிஜத்தில் செஞ்சியில் கியரைச் சோதிப்பது மேடல்ல, ஆடிக் காற்று. மேற்கே கோட்டைப் பக்கம் முகம் வைத்துப் போனால் ஆனி, ஆடியில் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். நிமிர்ந்து உட்காரும் ஹைப்ரிட்டில் உடம்பு முழுவதும் காற்றுக்குக் கிடைக்கிறது; ரோடு பைக்போலக் குனிந்து தப்ப முடியாது. இது இந்த வகை வண்டியின் உண்மையான குறை. கியரை இரண்டு படி இறக்கிக்கொண்டு, வேகத்தை மறந்து, காலின் தாளத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று காசில்லாமல் வீடு சேர்க்கும்.

இன்னொரு குறை கைகளுக்கு. நேரான ஹேண்டில் பாரில் கை வைக்க ஒரே இடம்தான். விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு வரை போனேன். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் எடுப்பித்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லும் குடைவரை அங்கேதான். சேர்வதற்குள் சுண்டுவிரல்கள் மரத்துவிட்டன. உள்ளங்கை படியும் அகலமான கிரிப் மாற்றிய பிறகு பாதி சரியாயிற்று. 40 கி.மீ.க்குள் போய்வருகிறவருக்கு இது போதும். அடிக்கடி 100 கி.மீ. போக நினைப்பவர் வளைந்த ஹேண்டில் பார் உள்ள வண்டியைப் பார்க்கலாம்.

பிரேக்கில் என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. மைத்துனரின் டிஸ்க் நன்றாகத்தான் நிற்கிறது, மழையில் இன்னும் நன்றாக. ஆனால் புழுதி புகுந்தால் கீச்சிடுகிறது. பஸ்ஸின் மேல் ஏற்றி இறக்கியதில் தட்டு லேசாக வளைந்து ஒவ்வொரு சுற்றுக்கும் உரசியது. பேடு தேய்ந்தால் ஆன்லைனில் வரவழைக்க வேண்டும். வி-பிரேக் கட்டையை எந்த சைக்கிள் கடையிலும் வாங்கி, ஒரு அல்லன் சாவியால் நாமே மாட்டிக்கொள்ளலாம். சமவெளியில் ஓட்டும் 14 கிலோ வண்டிக்கு அது தாராளம். நனைந்த ரிம்மில் முதல் சுற்று பிடிக்காது. மழையில் கொஞ்சம் முன்னதாகவே அழுத்தப் பழக வேண்டும். எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் அதில் காற்று புகுந்தால் சரிசெய்யப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும்.

ஹைப்ரிட்டை வேலைக்குப் போகும் வண்டியாக்குவது கேரியரும் மட்கார்டும். இங்கேதான் பலரும் பார்க்காமல் விடுகிறார்கள். பின் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் ஃப்ரேமில் மரையிட்ட துளைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். துளை இருந்தால் கேரியர் உறுதியாக நிற்கும். இல்லாவிட்டால் சீட் கம்பியில் கவ்வும் வகைதான் மாட்ட முடியும், அது டிபன் பையைத் தாங்கும், அரிசிப் பையைத் தாங்காது. ஸ்டாண்டு, பெல், மட்கார்டு, விளக்கு எல்லாமே தனிச் செலவு. வண்டி விலைக்கு மேல் இரண்டு மூன்றாயிரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்த மிச்சத்தை விளக்கில் போடலாம். பின்பக்கச் சிவப்பு விளக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் ஏற்றி வரும் டிராக்டர்கள் இருட்டோடு இருட்டாக வரும். அவற்றின் கண்ணில் நாம் பட வேண்டும். அதே காலத்தில் சாலையில் களம்போல் பரப்பிய உளுந்து, கம்புக் கதிரின் மேல் பிரேக் பிடித்தால் எந்த டயரும் வழுக்கும். இறங்கித் தள்ளுவதே நல்லது, விவசாயிக்கும் நமக்கும்.

உல்லாசப் பயணத்துக்குச் செஞ்சியைப் போல வாய்த்த ஊர் குறைவு. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ சேர்த்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். அதன் அடிவாரத்துக்கு ஊரிலிருந்து பத்து நிமிட மிதி. வடக்கே 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கிய திருநாதர்குன்று. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு அங்கே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, பள்ளிகொண்ட பெருமாள் இருக்கும் சிங்கவரம். விடியலில் கிளம்பி, பாறைகள் சூடேறும் முன் இரண்டையும் பார்த்துத் திரும்பிவிடலாம். தேதியை மட்டும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்: பௌர்ணமியில் திருவண்ணாமலை சாலை கிரிவல வாகனங்களால் நிரம்பும், அமாவாசையில் மேல்மலையனூர் சாலை அங்காளம்மன் பக்தர்களால் நிரம்பும். அந்த இரண்டு நாளும் வேறு திசையில் மிதிப்பது உத்தமம்.

வண்டியை ஆன்லைனில் வாங்கினால் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். பூட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் தேவை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். வழக்கம்போல் வலப்பக்கம் திருகினால் மரை அழிந்து கிராங்கையே மாற்ற வேண்டி வரும். ஃபோர்க்கைப் பின்முன்னாக மாட்டிவிட்டால் முன் சக்கரம் பெடல் போடும் காலில் இடிக்கும். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். முதல் மாதம் முடிந்ததும் நல்ல கடையில் கொடுத்துச் சக்கரத்துக்குக் கோட்டம் எடுங்கள். புதுக் கம்பிகள் ஓட்டத்தில் தளரும். அதைக் கவனிக்காமல் விட்டால் பின்னால் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே இருக்கும்.

அளவு கடைசியாகச் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டியது. ஃப்ரேமின் மேல்கம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றால் இடையில் இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஐந்தடி இரண்டு அங்குலத்துக்குக் குறைவானவர்கள் சின்ன அளவு ஃப்ரேமைக் கேட்டு வாங்குங்கள். கடையில் இல்லை என்று நடுத்தர அளவைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். சேலை, சுடிதார், வேட்டி உடுத்துகிறவர்கள் மேல்கம்பி தாழ்ந்த ஃப்ரேமும், முன் பல்சக்கரத்தை மூடும் தகடும் உள்ள வண்டியைப் பாருங்கள். பெரும்பாலான ஹைப்ரிட்களில் செயின் கவர் கிடையாது. துப்பட்டா நுனி பல்லில் மாட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே கவிழும். ஓட்டிப் பார்க்கக் கடைக்காரர் விட்டால் கடை வாசல் சிமெண்டில் ஒரு சுற்று வந்துவிட்டு இறங்காதீர்கள். பக்கத்தில் ஜல்லி பெயர்ந்த சந்து எங்கே என்று கேட்டு, முதல் கியரில் ஒருமுறை, கடைசிக் கியரில் ஒருமுறை அதில் போய் வாருங்கள்.