கனம் குறைந்த நகினாட்டா

ஜப்பானில் இன்று, நீண்ட காம்பில் வளைந்த அலகு பொருத்திய ஆயுதமான நகினாட்டா பழக வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது பழைய போர்க்களக் கலை அல்ல. 1955இல் உருவான அனைத்து ஜப்பான் நகினாட்டா கூட்டமைப்பு ஒழுங்குபடுத்திய புதிய பாடம் அது. வளைந்த இரும்பு அலகு இருந்த இடத்தில் மூங்கில் பட்டைகள். அதற்குக் கீழே ஓக் மரக் காம்பு. மொத்த நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல்.

தொடக்கக்காரருக்கு இந்தப் பாடம் செய்யும் பெரிய உதவி, இரு பக்கத்தையும் சமமாக வேலை வாங்குவது. வாள் கலையான கெண்டோவில் வலக்கை எப்போதும் முன்னால்தான். இங்கே மேலிருந்து, சாய்வாக, கிடையாக, கீழிருந்து என்று எல்லாத் திசையிலும் வெட்டிப் பழகும்போதே பிடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பேறி இடக்கை முதல் வாரமே அம்பலமாகிவிடும். கவசத்துக்கும் உடனே செலவழிக்க வேண்டியதில்லை. 'ஷிகாகே-ஓஜி' எனும் எட்டு இணைப் பயிற்சிகள் கவசம் இல்லாமலே நடக்கின்றன, அவற்றுக்கென்றே போட்டியும் உண்டு.

குறை எங்கே? கனத்தில்தான். மூங்கில் அலகு லேசானது. தப்பான கோணத்தில் வீசினாலும் கை அதை உணர்வதில்லை. வெட்டுமுனை சரியாக விழுந்ததா என்று நடுவர் பார்க்கிறார், உண்மைதான். ஆனால் நடுவர் சொல்லித் தெரிவதும் ஆயுதமே சொல்வதும் ஒன்றாகுமா? தெந்தோ-ரியூ போன்ற பழைய மரபில், நகினாட்டா முறிந்துபோனால் மிஞ்சிய காம்பை வைத்தே சண்டையைத் தொடரும் பயிற்சி இருக்கிறது. போட்டிக் களத்தில் இதற்கு இடமில்லை. தலை, மணிக்கட்டு, விலா, கணைக்கால், தொண்டை: புள்ளி அவ்வளவுக்குத்தான்.

அதற்காகப் பழைய மரபிலேயே தொடங்கு என்று சொல்வதும் நடைமுறை அறியாத பேச்சு. அது ஆசிரியரோடு நேருக்கு நேர், ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய கல்வி. ஜப்பானுக்கு வெளியே அப்படி ஓர் ஆசிரியர் அமைவது அரிது. புதிய பாடத்தில் தொடங்கி, ஒரே மரத்தில் கடைந்த கனமான பயிற்சி நகினாட்டாவையும் சீக்கிரமே கையில் எடுப்பதே என் பரிந்துரை.

'பெண்களுக்கான கலை' என்ற முத்திரையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் பெண்கள் பள்ளிகளில் கற்பித்ததன் மிச்சம் அது. நளினத்தைப் பாராட்டும் பழக்கம் அங்கிருந்து வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. வேகம் அதற்குப் பலியாகக் கூடாது.

கெண்டோக்காரரோடு மோதும் கலப்புப் போட்டி இதற்கெல்லாம் நல்ல மருந்து. கணைக்காலைக் காக்கவே பழகாத வாள்காரர் முதலில் திணறுவார். ஒருமுறை அவர் உள்ளே புகுந்துவிட்டாலோ, அதுவரை துணையாக இருந்த நீளமே சுமையாகிவிடும். இந்தக் கலப்புப் போட்டியை மூத்த மாணவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பது எனக்கு உடன்பாடில்லை.